எஸ்றா மறந்துபோன ஜெபம்

பட்டாபிராமில் குழாய் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு தனி பாஷை உண்டு. வீட்டில் லுங்கியோடு காப்பி குடித்துக்கொண்டே, "தோ, பாதி வழி வந்துட்டேன் மேடம்" என்பார்கள். பிளம்பர் எஸ்றாவுக்கு மட்டும் அந்த பாஷை வராது. "இன்னும் ஊட்லதான் கீறேன். பதினோரு மணிக்கு மேலதான் வர முடியும்" என்பார். கேட்கிறவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் சொன்னபடி ஆள் வந்து நிற்பார். மனைவி சலோமிக்குப் பூ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு மறந்தால், வாசல் வரை வந்தவர் செருப்பைக் கழற்றாமலே பூக்கடைக்குத் திரும்பிப் போவார். இயேசுவை நம்புகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாய், திங்கட்கிழமைக்கு ஒரு வாய் இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. இப்படிப்பட்ட மனுஷன்தான் வசமாக மாட்டிக்கொண்டார்.

எஸ்றா பைப்பு வாங்குகிற ஹார்டுவேர் கடை கஜபதியுடையது. நெற்றியில் விபூதி இல்லாமல் கஜபதி கடை திறக்க மாட்டார். அவர் மனைவி பார்வதத்துக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

"கையும் ஓடல, காலும் ஓடலப்பா. உன் சாமியாண்ட ஒரு வார்த்த சொல்லு" என்றார் கஜபதி.

"செவ்வாக்கெழம காத்தால கண்டிப்பா ஜெபம் பண்றேன் அண்ணாத்தே."

'ஜெபம் பண்றேன்' என்பதை 'போய்ட்டு வரேன்' மாதிரி சொல்லிவிட்டுப் போகிற விசுவாசிகள் ஏராளம். எஸ்றா மனதாரத்தான் சொன்னார். ஆனால் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பாரிவாக்கத்தில் ஒரு புது ஃபிளாட்டில் மொட்டைமாடிக் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டியது. அலறியடித்துக்கொண்டு ஓடினார். பொழுது முழுக்க அங்கேயே போயிற்று. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தவர்தான். ஜெபம் அடியோடு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனால், கஜபதி கல்லாவை விட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "பொழச்சிக்கினா எஸ்றா! பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டாங்கோ. எல்லாம் உன் ஜெபந்தாம்பா!"

எஸ்றா வாயைத் திறந்தார். திறந்த வாயில் மைசூர்பாகு போய் விழுந்தது. அங்கே குழாய் வாங்க வந்திருந்த எஸ்றாவின் பாஸ்டர் பூரித்துப்போய், "ஞாயித்துக்கிழமை நம்ம சபைக்கு வந்து இதைச் சாட்சியா சொல்லணும் சார்" என்று கேட்க, கஜபதியும் சந்தோஷமாகத் தலையாட்டினார். விழுங்கிய பிறகாவது எஸ்றா சொல்லியிருக்கலாம். கஜபதியின் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவருக்கு நாக்கு எழவில்லை.

"இப்போ பண்ணிடு. ஆண்டவருக்குச் செவ்வா இன்னா, வெள்ளி இன்னா?" என்றாள் சலோமி, ராத்திரி வீட்டில் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு.

எஸ்றாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. "அந்த மனுசன் என் வார்த்தைய நம்பிக்கினு ஆஸ்பத்திரி வாசல்ல குந்திகினு இருந்தாரு. நான் மறந்துட்டு பைப்பு மாட்டிகினு இருந்தேன்."

"சொன்னா, அவரு இனிமே உன் மூஞ்சில முழிப்பாரா?"

எஸ்றாவின் பயமும் அதுதான். சனிக்கிழமை தனியாகச் சொல்லிவிடலாம் என்று போனார். கடை பூட்டியிருந்தது. பார்வதத்தை அவள் அம்மா வீட்டில் விடப் போயிருக்கிறார், நாளைக்கு நேரே சபைக்குத்தான் வருவார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். போனில் சொல்கிற விஷயமா இது?

ஞாயிற்றுக்கிழமை, தகர ஷீட் போட்ட அந்தச் சின்னச் சபையில், நெற்றி நிறைய விபூதியோடு கஜபதி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் அவரை மேடைக்குக் கூப்பிடுவதற்குள் எஸ்றா எழுந்து போய் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"நான் ஜெபம் பண்ணலீங்க. பண்றேன்னு சொன்னேன், மறந்துட்டேன். அந்தம்மாவ ஆண்டவர் காப்பாத்துனாரு, டாக்டருங்க நல்லா பாத்துகினாங்கோ. அதுல என் பங்கு ஒண்ணும் கெடயாது. அண்ணாத்தே, என்ன மன்னிச்சிக்கோ."

பாஸ்டரின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கஜபதி எழுந்து வெளியே போனார்.

அதற்குப் பிறகு எஸ்றாவின் வாயில் ஒரு பாட்டும் வரவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால், பைக்குகள் நிறுத்தியிருந்த இடத்தில் கஜபதி காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"நாலு பேர் முன்னாடி இன்னாபா இது? சும்மா இருந்திருந்தா உனக்கு இன்னா கொறஞ்சி பூட்டிருக்கும்?"

"உன்ன ஏமாத்துனவனா ஆயிருப்பேன் அண்ணாத்தே."

கஜபதி சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பொண்ணு சௌம்யாவுக்கு ரெண்டு தபா வயித்துல தங்காம கலைஞ்சிபோச்சி. வெளிய யாராண்டயும் சொன்னதில்ல. அவளுக்காக ஜெபம் பண்ணு. பண்ணிட்டேன்னு நீ சொன்னா நான் நம்புவேன்" என்றார்.

எஸ்றா 'பண்றேன்' என்று சொல்லவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். அங்கேயே, பைக்குகளுக்கு நடுவே, மண்ணில் முழங்கால் போட்டார்.