நம்மாத்து நாய்க்கு எதுக்கு ஊசி

அப்பாவின் நாய்க்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து ஒரு ஊசிகூடப் போட்டதில்லை. நான் கேட்கும்போதெல்லாம், "நம்மாத்து நாய் தெருவுக்கே போறதில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுட்டு ஊஞ்சலுக்கு அடியில படுத்துண்டிருக்கு. அதுக்கு எதுக்குடி ஊசி?" என்பார். தயிர்சாதம் சாப்பிடும் நாய்க்கு வெறிநோய் வராது என்று மயிலாப்பூரில் எந்த மகான் சொல்லிவிட்டுப் போனாரோ தெரியாது.

அந்தத் தயிர்சாத நாய்தான் கடித்தது. வீட்டு வேலைக்கு வந்து பாத்திரம் தேய்க்கும் அம்மாவை, கெண்டைக்காலில், ரத்தம் வரும்படி. எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள். அடையாறிலிருந்து காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அவங்களுக்கு என்ன பண்ணினேள்?"

"எல்லாம் பாத்தாச்சு. நீ நாயைக் கொண்டுபோக வண்டிய எடு" என்றார் அப்பா.

நம்பினேன். அந்த அம்மாவுக்கு ஊசி போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரியில் மேஜைமேல் ஏற்றியதும் நாய் நடுங்கியது. பாவம், அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மருத்துவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "யாரையாவது கடிச்சுதா சார்?" என்றார்.

"சேச்சே, அதெல்லாம் இல்லை" என்றார் அப்பா.

"நேத்து கடிச்சுது டாக்டர்" என்றேன்.

மருத்துவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப முதல்ல இதைக் கட்டிவெச்சுக் கவனிக்கணும், ஊசி அப்புறம்தான். கடிபட்டவங்க ஊசி போட்டுக்கிட்டாங்களா?"

"அதான் நாய்க்குப் போட வந்திருக்கோமே" என்றார் அப்பா.

விளையாட்டில்லை, நிஜமாகவே சொன்னார். பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். தனக்கு லேசாகத் தலை சுற்றினாலே ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறவர். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்கே ஜி.எச். போகச் சொல்லுங்க. ஒரு மணிநேரம்கூடத் தள்ளிப்போடாதீங்க" என்றார் மருத்துவர்.

காரில் ஏறியதும் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாம்மா, நாய்க்கு ஊசி போட்டாச்சா? அதுக்குப் போட்டா எனக்கும் சரியாப்பூடும்னு அய்யா சொன்னாரு. அதான் கால்ல மஞ்சா வெச்சிக்கினு சும்மா கீறேன்."

"காயத்தை சோப்பு போட்டு, குழாய்த் தண்ணியில நல்லா கழுவுங்க. நான் இதோ வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

பட்டினப்பாக்கத்தில் அந்த அம்மா தெருமுனையிலேயே நின்றிருந்தார், காலைச் சாய்த்து வைத்துக்கொண்டு. வண்டி நின்றதும் முன்சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்சீட் முழுக்க நாய் நீட்டிப் படுத்திருந்தது.

"அவ எங்கடி உக்காருவா?"

"முன்னாடி. நீங்க இறங்குங்கோ. நாயையும் அழைச்சுண்டு போங்கோ."

"நாயை எந்த ஆட்டோக்காரன்டி ஏத்துவான்?"

"அப்ப நடங்கோ" என்றேன்.