பெண்கள் வரிசை

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், அந்தச் சுவரில் ஒரு கதவு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அப்பாவும் சித்தப்பாவும் அண்ணன் தம்பி. அவர்கள் கட்டிக்கொண்டது ஒரு வீட்டு அக்காவையும் தங்கையையும். அதனால் என் சித்தி இரண்டு வழியிலும் எனக்குச் சித்தி. சித்தப்பா மகள் என்னைவிட மூன்று மாதம் இளையவள். அந்த மூன்று மாதத்தைக் காட்டியே ஏழு வயது வரை அவளை அதிகாரம் செய்தேன். அதற்குப் பிறகு யாரையும் ஆளும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை.

நெருக்கடி நிலையைத் தளர்த்தி நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் வைத்தார்கள். அப்பாவின் கட்சி, டெல்லியில் ஆண்டுகொண்டிருந்த கட்சியோடு கூட்டு. சித்தப்பாவின் கட்சி எதிரணியில். இருவரும் மரவள்ளிக் காட்டுக்கு ஒன்றாகப் போய், ஒன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் பேசிக்கொண்டே திரும்புவார்கள்.

"வாயத் தொறந்த ஆளையெல்லாம் புடிச்சு உள்ள போட்டாங்களே, அவங்களுக்கா ஓட்டு?" என்பார் சித்தப்பா.

"ரயிலு நேரத்துக்கு வந்துச்சா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல" என்பார் அப்பா.

நாமக்கல் பக்கம் அப்போது ரயிலே கிடையாது. அப்பா அதுவரை ஒரு ரயிலில் ஏறியதும் இல்லை. சித்தப்பாவுக்கும் சிறைக்குப் போனவர் ஒருவரைக்கூட நேரில் தெரியாது. இருந்தும் இரண்டு பேரும் சொந்தத்தில் பட்டு அறிந்தவர்களைப் போலவே பேசினார்கள்.

வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சித்தப்பா டீக்கடையில், "எங்கண்ணனுக்கு ரயில் பைத்தியம் புடிச்சிருச்சுங்க. ஏறிப் போறதுக்குத்தான் ஊருல டேசன் இல்ல" என்று சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டார். மறுநாள் காலை அப்பா கொத்தனாரோடு வந்தார். மத்தியானத்துக்குள் கதவு இருந்த இடத்தில் செங்கல் இருந்தது.

"இது பாகம் பிரிக்கறதில்ல, கட்சி விவகாரம்" என்று அப்பா ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஆட்டுக்கல் சித்தப்பா பக்கம் போய்விட்டது, அம்மிக்கல் எங்கள் பக்கம் நின்றுவிட்டது. புதுக்கல் வாங்கினால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று ஊர் பேசும். அந்தப் பேச்சுக்கு இரண்டு பேருமே பயந்தார்கள். ஆகவே மூன்று வருடம் எங்கள் வீட்டில் இட்லி இல்லை, அவர்கள் வீட்டில் துவையல் இல்லை. கொள்கைக்காகச் சிறை போனவர்களுக்கு நாட்டில் மரியாதை உண்டு. இட்லியைத் துறந்தவர்களை யாரும் கண்டுகொள்வதில்லை.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர் சித்தப்பாவின் கட்சி. என் கணக்குப் பாடத்தில் எதிரணியின் சதி இருக்கலாம் என்று அப்பா சந்தேகப்பட்டு, என்னை நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பஸ்ஸில் தனியாகப் போய்த் தனியாக வந்தேன். உறவில் விசேஷங்களுக்கும் முறை வைத்துக்கொண்டார்கள்: மாமா வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் போனால், சீமந்தத்துக்கு அவர்கள். அம்மாவும் சித்தியும் பார்த்துப் பேசிக்கொள்வதும் அதோடு நின்றது.

சாயங்காலங்கள்தான் பெரும்பாடு. தாயக் கட்டத்தை வரைந்து, இரண்டு பக்கத்துக்கும் நானே உருட்டுவேன். தோற்பதும் நான், ஏமாற்றுவதும் நான், சண்டைக்குப் போவதும் நான். கொத்தனார் செங்கல்லைச் சேற்றில் வைத்துப் பூசியிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் கேட்கும். சித்தப்பா மகள் சிரிப்பது கேட்டால் எதற்குச் சிரிக்கிறாள் என்று காதை வைத்துக்கொண்டு நிற்பேன். சொல்ல வேண்டியவற்றையெல்லாம் மனதில் சேர்த்து வைத்தேன்: பஸ் கண்டக்டருக்கு ஆறு விரல், பள்ளிக்கூடத்தில் ஒருத்தி பேனா மை குடித்தது, இப்படி.

மூன்றாம் வருடம் டெல்லியில் ஆட்சி கவிழ்ந்து மறுபடியும் தேர்தல் வந்தது. இந்த முறை கூட்டணி தலைகீழாக மாறிவிட்டது. பழைய டெல்லிக் கட்சி இப்போது சித்தப்பா கட்சியோடு. அப்பாவின் கட்சி எதிரணியில். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அப்பா, "ஆளுங்களப் புடிச்சு உள்ள போட்டவங்களுக்கா ஓட்டு?" என்றார்.

இது சித்தப்பாவின் பேச்சு. அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். பத்து வயதுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடையாது. சண்டை முடிந்தது, யாராவது போய்ச் சொன்னால் போதும். தெருவைச் சுற்றிக்கொண்டு சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். அவர் வாசலில் கட்சிக் கொடிகளுக்குக் குச்சி சீவிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, நீங்க சொன்னதத்தானுங்க அப்பா இப்பச் சொல்றாரு. ஆளுங்களப் புடிச்சு உள்ள போட்டாங்கன்னு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்படியா சாமி" என்றார். சீவிய குச்சியைக் கட்டோடு சேர்த்தார். "ஆனா நானு இப்ப அதச் சொல்றதில்லையே."

"பின்ன என்னங்க சொல்றீங்க?"

"ரயிலெல்லாம் அப்ப நேரத்துக்கு வந்துச்சில்ல" என்றார், சின்னக் குரலில். பிறகு, "உள்ள போயி மோர் வாங்கிக் குடி சாமி, வெயில்ல வந்திருக்கற" என்றார்.

உள்ளே சித்தப்பா மகள் ஆசாரி வீட்டுப் பெண்ணோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றாள், விருந்தாளியைச் சொல்வது போல. மறுபடி கல்லைத் தூக்கிப் போட்டாள். அவர்கள் ஆட்டம் முடியட்டும் என்று நின்றேன். முடிந்தது, அடுத்த ஆட்டம் தொடங்கியது. சித்தி மோர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அக்கா ஓட்டுப் போட எத்தன மணிக்கு வருதாம்?"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "அவ எப்ப வாராளாம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சித்தி காலையிலேயே வருவாள் என்று நானாக ஒன்றைச் சொல்லி வைத்தேன்.

வாக்குப்பதிவு அன்று எட்டு மணிக்கே அம்மா கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஓட்டுச்சாவடி இருந்த உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளி, ரோட்டின் இரண்டு ஓரத்திலும் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பந்தலில் உட்கார்ந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் போலீஸ்காரர். கட்சிக்காரர்கள் அவரைத் தாண்டி வரக் கூடாது.

சித்தி எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அம்மா வரிசையில் நின்றதும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள், அவள் மகளோடு. அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் முதுகைப் பார்த்தபடியே, "கை வீங்கியிருந்துச்சுன்னாங்களே" என்றாள்.

"அது ஆடிக்கே வத்திருச்சு. இப்பத்தான் கேக்கற."

"இப்பத்தான கேக்க முடிஞ்சுது."

பிறகு ஏதேதோ பேசினார்கள். எருமை கன்று போட்டது, அண்ணன் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், யாருக்கோ கண்ணில் பூ விழுந்தது. வரிசை நகர்ந்தது. வாசற்படியை நெருங்கியபோது அம்மா பின்னால் நின்ற ஒரு கிழவியை, "நீங்க போங்க அத்தை, நிக்க முடியாது உங்களுக்கு" என்று முன்னே விட்டாள். அப்புறம் ஒரு கைக்குழந்தைக்காரி. அப்புறம் ஒரு காரணமும் இல்லாத, மூட்டை தூக்கக்கூடிய ஒருத்தி. அம்மாவின் தாராளம் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. மூன்று வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் சொன்னால் கேட்க சித்தப்பா மகள் பக்கத்தில் நிற்கிறாள். கண்டக்டரின் ஆறு விரல் என் நாக்கு நுனி வரை வந்து நின்றது, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அவள் கால் கட்டை விரலால் மண்ணைக் கீறினாள். நானும் கீறினேன். அந்த நிற்பு என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, நம்ம மொறை எப்பவோ வந்திருச்சும்மா" என்று சத்தமாகவே சொன்னேன்.

உள்ளே மேசையில் இருந்த அலுவலர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, உள்ள வாங்க, கூட்டஞ்சேருது" என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனாள்.

வெளியே வந்ததும் அப்பாவின் பந்தலுக்கு ஓடி, என்னால்தான் சீக்கிரம் முடிந்தது என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். அம்மா பின்னால் வந்து நின்று, "மறுபடியும் எலெக்சன் எப்பங்க வரும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு வருசம் ஆகுமே" என்றார் அப்பா. அம்மாவுக்கும் கடைசியில் அரசியலில் அக்கறை வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.