பத்துக்கு நாலு பொருத்தம்

ஸ்கூட்டர் வாங்க வைத்திருந்த பணத்தில் நான் கம்ப்யூட்டர் வாங்கினேன். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஒருவன் செய்கிற காரியம் இல்லைதான் அது. சென்னையில் மவுண்ட் ரோடுக்குப் பின்னால் இருந்த ஒரு கடையில் வாங்கியது. நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும், ரப்பர் பட்டன்கள். வயரை டி.வி.யில் சொருகினால் அதுவே திரை. புரோகிராமை டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். திரும்ப ஏற்றும்போது ஐந்து நிமிடம் கீச்சென்று கத்தும், நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

"இது என்னாங்க பண்ணும்?" என்று என் மனைவி கேட்டாள். திரையில் ஒரு வட்டம் வரைந்து காட்டினேன். "வட்டம் போடறதுக்கா ஸ்கூட்டர வுட்டீங்க?" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஆபீஸிலும் அதே கேள்விதான். எனக்குப் பிடித்திருக்கிறது, ராத்திரி பகல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் உண்மையான பதில். முப்பத்தைந்து வயதில் அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். அதனால் கம்ப்யூட்டருக்கு ஊர் மெச்சுகிற மாதிரி ஒரு வேலை கொடுக்கத் தீர்மானித்தேன். பஸ் ஸ்டாண்டில் ஜோசியப் புத்தகம் ஒன்று வாங்கி வந்து, இரண்டு மாதம் உட்கார்ந்து, கல்யாணப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் எழுதினேன். பெண்ணின் நட்சத்திரம், பையனின் நட்சத்திரம் இரண்டையும் தட்டினால் பத்துக்கு எத்தனை என்று சொல்லும். எங்கள் இரண்டு பேருடையதைத் தட்டிப் பார்த்தேன். எட்டு வந்தது. அதற்கு மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

அதன் பிறகு எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாறிப்போயின. ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், மனைவி காபி போட்டுக் களைத்தாள். அதுவரை யாரிடமும் சொல்லாமல் மறைத்த விலையை, வருகிறவர்களிடம் நானே முதலில் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டதும் அவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதில் எனக்கு ஒரு போதை இருந்தது.

அடுத்த தெருவில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி ஒருவர் இருந்தார். அவர் மகளுக்கு இருபத்தெட்டு வயது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விழுப்புரத்திலிருந்து ரயில்வேயில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஒருவர் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. தகப்பனார் மட்டும் என்னிடம் வந்தார்.

"ஜோசியரு ஏழு பொருத்தம்னாரு தம்பி. அவரு ரெண்டு பக்கமும் காசு வாங்கறவரு. நீங்க ஒருதபா பாத்து சொல்லுங்க."

தட்டினேன். நாலு வந்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து, "ஜோசியர் சொன்னதையும் யோசிங்க" என்று ஒப்புக்குச் சொன்னேன்.

"இம்மாம் வெலை குடுத்து வாங்குன மெஷினு பொய் சொல்லுமா?" என்றார். சொல்லாது என்றுதான் நானும் நினைத்தேன். இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், அவர் அப்படிக் கேட்டது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அந்த வாரமே விழுப்புரத்துக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து என் மனைவி பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு வந்தாள். "ஏங்க, நம்ம ரெண்டு பேருக்கும் இதுல ஆறுன்னு போட்டுக்குது. உங்க மெஷின்ல எட்டு வந்துச்சே?" பஞ்சாங்கம்தான் தப்பு என்று அவளிடம் சண்டை போட்டுவிட்டுப் புரோகிராமைப் பார்த்தேன். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பையனின் நட்சத்திரத்துக்கு எண்ண வேண்டும். நான் பையனிலிருந்து பெண்ணுக்கு எண்ணியிருந்தேன். ஒரே ஒரு வரி. திருத்திவிட்டு வியாபாரி மகளின் நட்சத்திரத்தையும் விழுப்புரத்து மாப்பிள்ளையின் நட்சத்திரத்தையும் மறுபடி தட்டினேன். ஏழு.

"இப்பவே போய் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி அவர்கள் தெரு முனை வரைக்கும் போனேன். மெஷின் தப்பு என்று சொன்னால் ஊரே சிரிக்கும், ஸ்கூட்டர் கதை மறுபடி கிளம்பும். ஜவுளிக்கடைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினேன். அவர் வீட்டில் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். அடுத்த வாரம் ஆகட்டும் என்று தள்ளினேன். அந்த அடுத்த வாரம் வருவதற்குள், ஒலக்கூர் பக்கத்துப் பெண்ணுக்கும் விழுப்புரத்து மாப்பிள்ளைக்கும் நிச்சயமாகிவிட்டதாகச் செய்தி வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிச் சொல்லிப் பயனில்லை அல்லவா. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பிறகு இரண்டு வருடம் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் அமையவில்லை. நான் அவர்கள் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளே வந்தாள், தனியாக. முகையூர் பக்கம் இரண்டாம் தாரமாகக் கேட்கிறார்கள், அவருக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்றாள். ஜாதகத்தை நீட்டினாள். இப்போதெல்லாம் நான் பொருத்தம் பார்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "எனக்கு மட்டும் பாருங்கண்ணா" என்றாள். உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

எட்டு வந்தது.

அவள் ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "அந்த விழுப்புரத்துக்காரர எனக்குப் புடிச்சிருந்துச்சுண்ணா. அப்பாகிட்ட ரொம்ப அழுதேன். நாலுன்னு வந்துதுன்னு சொன்னப்புறந்தான் மனச தேத்திக்கினேன். அன்னிக்கு அது சரியாத்தானே சொல்லிச்சு?"

"சரியாத்தாம்மா சொல்லிச்சு" என்றேன்.

"நல்லவேள, பொழச்சேன்" என்று சொல்லி, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.