அக்காவின் கடலுக்கு ஜாமீன் நின்ற காதர் பாய்

காதர் பாய் போய்விட்டார். ஜெராக்ஸ் கடை பாய். சாயங்காலம் அடக்கம் முடிந்தது...

இந்த அக்கவுண்ட் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. போர்வைக்குள் இருந்து டைப் பண்ணுகிறேன். எழுதாமல் தூக்கம் வராது.

எதை பிரிண்ட் எடுத்தாலும் பாய் முதலில் படித்துவிடுவார். எம்.எஸ்சி. முடித்த அக்கா, கடலோர ஆராய்ச்சி மையம் ஒன்றில் பிஎச்.டி. சேர அப்ளிகேஷன் கொண்டுபோனபோதும் அப்படித்தான்.

"மரைன் மாலிக்யூலர் எக்காலஜியா? இன்னாமா, பேரே பேப்பர தாண்டிப் போவுது. மீனை அறுக்கணுமா?"

"இல்ல பாய். கடல் தண்ணிய மொண்டு வடிகட்டணும். மீன் உடம்புலேர்ந்து உதிர்ந்தது அதுல இருக்கும். அந்த டி.என்.ஏ.வ வெச்சே எந்த மீன் அங்க இருக்குதுன்னு சொல்லிடலாம். மீனைத் தொடவே வேணாம்."

எங்களுடையது தமிழ் ஜைன வீடு, எங்களை நயினார் என்பார்கள். குடிக்கிற தண்ணீரைக்கூடத் துணியில் வடிகட்டுவோம், அதில் உள்ள சிறு உயிர் எதுவும் செத்துவிடக் கூடாது என்று. "மீனைக் கொல்ற படிப்பு நமக்கு ஆகாது" என்று சொல்லி, அப்பா அக்காவிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தார்.

அக்காவுக்கு இடம் கிடைத்த மெயிலை பிரிண்ட் எடுக்க நான்தான் போனேன். திரும்பினால் பின்னால் அப்பா. எனக்கு உயிரே போய்விட்டது...

பாய் அசரவில்லை. "இன்னா நயினாரே, ஊட்ல நீங்க குடத்து தண்ணிய வடிகட்றீங்க. பொண்ணு கடலையே வடிகட்டப் போவுது. அதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு!"

"ஒரு மீனும் சாவாதா பாய்?"

"சாவாது. நான் ஜாமீன்."

அப்பா அந்த பேப்பரை வாங்கி மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, போவட்டும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அக்கா கிளம்ப வேண்டும். இன்றைக்குச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஒரே பயம். ஜாமீன் நின்றவரே இல்லை... அப்பா மனசு மாறிவிட்டால்?

அடக்கத்துக்குப் போய் வந்த அப்பா குளித்தார். பீரோவைத் திறந்து, தண்ணீர் வடிகட்டும் புதுத்துணி ஒன்றை எடுத்து அக்காவின் பெட்டியில் வைத்தார்.

"கடல் தண்ணிக்கு இது தாங்குமாம்மா?"

"அதுக்கு அங்க ஃபில்டர் பேப்பர் குடுப்பாங்கப்பா."

"அப்ப நீ குடிக்கிறதுக்கு வெச்சிக்கோ."

அக்கா இப்போது என் பக்கத்தில் அசந்து தூங்குகிறாள்.

உங்க ஜாமீன் இன்னும் செல்லுது பாய். போய் வாங்க...