அக்காவைப் பார்க்காத படகோட்டி

என் வீட்டுக்காரர் லிசியாத்தே பன்னிரண்டு வயதுக்குப் பிறகு தன் அக்காவை நேருக்கு நேர் பார்த்ததுமில்லை, பேசியதுமில்லை. சண்டையெல்லாம் இல்லை. எங்கள் டோங்காத் தீவுகளில் அதற்குப் பெயர் ஃபகஅபஅப. சாதாரண மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா வாசலில் நுழைந்தால் தம்பி பின்வழியாகப் போய்விட வேண்டும். அவள் காதுபட ஒரு கேலி கூடாது. அவள் சொல்லைத் தட்டவும் கூடாது. காவா வேர்ச்சாறு குடிக்கும் சபையில் தலைவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காகப் பேசுகிறவரை அபஅப என்போம். அதிலிருந்து வந்த சொல்தான் இது என்பார் பாதிரியார். வாத்தியார் இல்லவே இல்லை என்பார். யார் சொல்வது சரியோ, எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி வாய் வலித்தது என்னவோ எனக்குத்தான்.

"அவங்களுக்குக் கிழங்கு வேணுமான்னு கேளு." என்பார் பின்வாசலில் நின்றுகொண்டு. அக்கா உள்ளே நாலடி தூரத்தில்தான் இருப்பாள்.

இருபது வருடமாகப் படகோட்டி. ஊரையே சிரிக்க வைத்துக்கொண்டு அக்கரை சேர்ப்பார். டவுனுக்கு அக்கா மனுசியூ கிளம்பினால் மட்டும் படகைப் பக்கத்து வீட்டு ஃபெலேத்தியிடம் கொடுத்துவிடுவார்.

ஒரு நாள் காலை, கர்ப்பமாக இருந்த அக்காவுக்கு நாள் முந்தி பிரசவ வலி வந்துவிட்டது. அவள் புருஷன் நியூசிலாந்தில் ஆப்பிள் பறிக்கிறான். ஃபெலேத்தி மீனுக்குப் போய்விட்டான். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழியில்லை. பின்னால் இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இவர், முன்னால் அக்கா, நடுவில் நான். இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கடலுக்கு முகத்தைத் திருப்பி, அக்காவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்!

"நீ வழி சொல்லு."

"இடது பக்கம்!"

"யாரு இடது? ஒன் இடதா, என் இடதா?"

எனக்கே குழம்பிவிட்டது. படகும் நண்டு மாதிரி போனது.

"வலி எப்பிடி இருக்குன்னு கேளு."

"காது இருக்குல்ல, அலறுறாங்களே!"

நீர் வற்றிய நேரம். பவளப்பாறைக்கு நடுவே இரண்டு படகு அகலத்துக்குத்தான் வழி. இருபுறமும் அலை வெளுத்துக்கொண்டிருந்தது. நான் வலது என்றேன், இடது என்றேன். அடியில் ஏதோ உரசியது. வயிற்றுப் பிள்ளையோடு எல்லோரும் போய்ச் சேரப்போகிறோம் என்றே நினைத்தேன்.

"லிசியாத்தே! இங்க திரும்புடா! என்னைப் பாரு!" அக்கா கத்தினாள்.

பார்த்தால் மரியாதை போச்சு. பார்க்காவிட்டால் சொல்லைத் தட்டியதாகும், அப்போதும் மரியாதை போச்சு.

"என்ன பண்ண?" என்று என்னைக் கேட்டார்.

"என்னைக் கேட்டா? எனக்கு எப்பிடித் தெரியும்!"

"என் பேச்சைத் தட்டுறியாடா?" என்றாள் அக்கா.

திரும்பினார். வியர்த்து வெளிறிய அவள் முகத்தைப் பார்த்தார், அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்த வழியைப் பார்த்தார். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, மேற்கொண்டு ஒரு கீறல் இல்லாமல் படகைப் பாறை தாண்டிக் கொண்டுபோய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. நர்ஸ் வந்து கூப்பிட்டும் இவர் கேட்டை விட்டு அசையவில்லை.

"பாருன்னு சொன்னது படகுக்கு மட்டுமா, இப்பவுமா? போய்க் கேட்டுட்டு வா."

எனக்கு எரிச்சல் பொங்கியது. ஆனாலும் போய்க் கேட்டேன். அக்காவுக்கும் தெரியவில்லை போல.

"வரச் சொல்லு. புள்ளையப் பாக்கட்டும். நான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறேன்."

அவர் வந்து, தரையில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். அக்காவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

"அழுறாங்களா, கேளு," என்றார் என்னிடம்.

நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனை வருடம்தான் கேட்பது! அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"அக்கா... இன்னும் வலிக்குதா?"

"இல்லடா," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி.