நாக்கு இருந்த மீன்

கல்லூரியில் அவருக்கு நேரில் 'சார்' என்று பேர், முதுகுக்குப் பின்னால் 'முதல்பதிவு'. விலங்கியல் துறையில் உதவிப் பேராசிரியர். மீன்களின் செவுளிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டு ஓசியில் வயிறு வளர்க்கிற ஜந்துக்களை இடுக்கியால் பிடுங்கி, ஸ்பிரிட்டில் போட்டு, அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதுவதுதான் அவர் பிழைப்பு. எழுதிய கட்டுரைகளுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே தலைப்பு: இன்ன ஒட்டுண்ணி, இன்ன இடத்தில், முதல் பதிவு.

கேட்பவர்களுக்கு ஏதோ புது உலகத்தையே கண்டுபிடித்துவிட்டு வந்த மனிதர் போலத் தோன்றும். சங்கதி அதுவல்ல. அந்த ஜந்துவை ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்துப் பேர் வைத்து, படமும் போட்டிருப்பார்கள். இவர் செய்வதெல்லாம், அது எங்கே இன்னும் எழுதப்படவில்லை என்று பார்ப்பதுதான். இந்தக் கடலில் எழுதிவிட்டார்களா? சரி, இந்த விரிகுடாவில்? அதுவும் ஆச்சா? போகட்டும், இந்தக் கழிமுகத்தில்? அட, அதையும் விட்டுவைக்கவில்லையா? கழிமுகத்தின் தென்கரையில்? எங்காவது ஒரு சந்து அகப்படாமலா போகும்! இடம் தீர்ந்துபோனால் மீனை மாற்றிக்கொள்ளலாம். அந்த மீனில் இருந்தது இந்த மீனிலும் இருந்தால் அது புது விருந்தோம்பி. அதற்கும் ஒரு முதல் பதிவு. விருந்தோம்பி என்பது பாடப்புத்தகம் வைத்த பேர். அழைக்காமல் உள்ளே நுழைந்து, சதையைத் தின்று, போகவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவனுக்கு இடம் கொடுக்கிற அப்பாவிக்கு இப்படி ஒரு மரியாதையான பேரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

"அடுத்தது என்ன சார், உங்க வீட்டு சிங்க்குலேருந்து முதல் பதிவா?" என்று கேட்பார் பக்கத்து மேசை நத்தை மேடம். இவரிடமே படித்து, இவரிடமே மைக்ரோஸ்கோப் பிடிக்கக் கற்று, இவர் பக்கத்திலேயே வேலைக்கு வந்தவர். நத்தைகளைப் பற்றி எப்போதாவதுதான் எழுதுவார். எழுதினால் நாலு நாட்டில் படிப்பார்கள். முதல்பதிவு சிரித்து வைப்பார். உள்ளுக்குள் எரியும்.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய அத்தனை கட்டுரைகளிலும் முதல் பேர் துறைத்தலைவருடையது. இவர் பேர் இரண்டாவது. துறையின் எழுதாத சட்டம் அது. தலைவர் தன் ஆயுளில் ஒட்டுண்ணி எதையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில்லை. முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்திருந்தால்தான் உண்டு. ஆனால் கட்டுரை முடிகிற நேரம் அவருக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். "என்ன சார், ஏதோ எழுதறீங்க போல?" என்று மேசை ஓரத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான், உள்ளே நுழைந்துவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது துறையில் ஓர் இணைப் பேராசிரியர் இடம் காலியாகியிருந்தது. தன் பேர் முதலாவதாகவோ தனியாகவோ இருக்கிற கட்டுரை ஒன்றாவது வேண்டும் என்று விதி; இல்லாவிட்டால் தேர்வுக் குழு மனது வைக்க வேண்டும். முதல்பதிவிடம் ஒன்றுகூட இல்லை. இந்த முறை தவறினால் வயது தாண்டிவிடும், அப்புறம் ஓய்வு பெறும் வரை உதவிதான். இடம் நத்தை மேடத்துக்குப் போகும், துறையில் லீவு பார்க்கிற பொறுப்பும் அதோடு சேர்ந்து. தான் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணிடம் லீவு லெட்டரை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"இத்தனை வருஷம் உங்க உழைப்பைத் தின்னுட்டு ஏப்பம் விட்ட மனுஷனை, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டா என்ன?" என்றாள் மனைவி. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க வாயைத் திறக்கத் தயங்குகிறவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கேயும் அப்படி ஒருவர்.

"கேட்கலாம். அப்புறம் அந்தாளு முகத்துலதானே தினமும் முழிக்கணும்?"

"முழிச்சு முழிச்சு என்னத்தைக் கண்டீங்க?"

"ஒரே ஒரு கட்டுரை. என் பேரு மட்டும் ஒண்டியா அச்சுல வரணும். அது போதும் எனக்கு" என்றார். அந்த ஆசையை அவர் சொன்ன விதத்தில் அவளுக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்தையில் மீன் வாங்கி வந்தார். ஒரே கூடையில் பாரையும் செவ்வாலும் கலந்து கிடந்தவை. மனைவி சிங்க்கில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள், "அய்யய்யோ, ஏங்க! இதோட வாய்க்குள்ள ஏதோ உட்கார்ந்திருக்குங்க!" என்று கத்தினாள்.

பூதக்கண்ணாடியோடு ஓடினார். செவ்வாலின் வாய்க்குள் வெளுப்பாக, கொழுகொழுவென்று, ஏகப்பட்ட கால்களோடு ஒரு நாக்குப்பேன். இந்தப் பேனின் கதை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அது குட்டியாக இருக்கும்போதே மீனுக்குள் புகுந்து, நாக்கின் ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சி அதை வற்றவைத்துவிட்டு, நாக்கு இருந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொள்ளும். மீனுக்கும் வேறு வழியில்லை. பேனையே நாக்காக வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டும். பாரையில் இது இருப்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். செவ்வாலில்? யாரும் எழுதியதில்லை. எந்தக் கடலிலும், எந்தக் கரையிலும் எழுதியதில்லை!

முதல்பதிவுக்கு இனி தென்கரை, வடகரை என்று சந்து தேடுகிற வேலையே இல்லை. நிஜமான புது விருந்தோம்பி, அதுவும் தன் வீட்டு சிங்க்கில்.

"என்னங்க, நாக்கு முழுசா இருக்கே?" என்றாள் மனைவி.

எட்டிப் பார்த்தார். பேனுக்குக் கீழே செவ்வாலின் நாக்கு ரோஜா நிறத்தில், ஒரு கீறலும் இல்லாமல், சௌக்கியமாக இருந்தது. பேன் வேறு தலைகீழாக, தொண்டைப் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. வாடிக்கையாகக் குடியிருக்கிற பேன் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். அவருக்கு விஷயம் அந்த நொடியே விளங்கிவிட்டது. கூடையில் பாரை செத்ததும், உள்ளே இருந்த பேன் வெளியே ஊர்ந்து, பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த செவ்வாலுக்குள் நுழைந்திருக்கிறது. வீடு இடிந்ததும் பக்கத்து வீட்டில் படுக்கை விரித்த கேஸ். முதலாம் ஆண்டுப் பையன்களுக்கு அவரே இதைப் பாடமாக நடத்தியிருக்கிறார்: சந்தைக் கூடையை நம்பி எழுதாதீர்கள் என்று.

பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தார். சமையல் கத்தரிக்கோல் இல்லை, ஆராய்ச்சிக் கத்தரிக்கோல். அந்த மட்டில் முறை தவறவில்லை. பேனை இடுக்கியால் தூக்கினார், நாக்கை அடியோடு நறுக்கினார், பேனைத் திருப்பி வாசல் பார்த்து உட்காரவைத்தார், படம் எடுத்தார்.

"அதுக்கு நாக்கு இருந்துச்சு" என்றாள் மனைவி.

"நீ சரியாப் பார்க்கல."

"நான்தானே பார்த்துச் சொன்னேன்?"

அவர் கத்தரிக்கோலைத் துடைத்தார். அவளும் பேச்சை விட்டுவிட்டு மிச்ச மீனைக் கழுவினாள். அன்றைக்கு வறுத்த மீனை இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

வேறு எந்தத் திருடனாக இருந்தாலும் அந்த நாக்கைக் குப்பையில் போட்டு, குப்பையையும் உடனே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்திருப்பான். இவரால் முடியவில்லை. உயிரினத்திலிருந்து எடுத்த எதையும் தூக்கி எறியக் கூடாது என்பது இத்தனை வருஷப் பழக்கம். நாக்கை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு ஸ்பிரிட் ஊற்றினார். மை கரைந்துவிடும் என்று பென்சிலால் துண்டுச் சீட்டு எழுதினார். மீனுக்குக் கொடுத்த அதே எண், அதே தேதி, 'செவ்வால், நாக்கு, முழுமையானது'. அந்த 'முழுமையானது' என்ற சொல்லைக்கூட விடவில்லை மனிதர்! மறுநாள் மீன் ஜாடியையும் குப்பியையும் கல்லூரிக்குக் கொண்டுபோய் மேசை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

கட்டுரை முடிகிற வாரம். தலைவருக்கு மூக்கில் வியர்த்தது.

"என்ன சார், ஏதோ எழுதறீங்க போல?"

"இல்ல சார், சும்மா... சின்னக் குறிப்பு."

"சின்னதா இருந்தா என்ன, நம்ம துறைக் குறிப்புதானே?" என்று சொல்லிக்கொண்டே தலைவர் அலமாரியைத் துழாவினார். பேன் எது, புழு எது என்று தெரியாதவருக்கும் பென்சில் எழுத்துப் படிக்கத் தெரியும். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஜாடியைப் பார்த்தார். மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தார். மறுபடி குப்பியைப் பார்த்தார்.

"படத்துல நாக்கு இல்லையே சார். இங்க இருக்கே?"

முதல்பதிவு வேலையே போய்விடும் என்று நினைத்தார். ஆனால் தலைவர் குப்பியை இருந்த இடத்திலேயே பதமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம். நான் ஒண்ணும் பார்க்கல. வழக்கம்போல பேரைப் போட்டுடுங்க."

"சார், இந்த ஒரு தடவை மட்டும்... இன்டர்வியூ வருது சார். என் பேரு மொதல்ல இருந்தாத்தான்..."

"அடடா, அதுக்கா கவலைப்படறீங்க? குழுவுல நானே உட்கார்ந்திருக்கேன். இது முழுக்க முழுக்க இவரோட வேலைன்னு நான் என் வாயால சொல்றேன். போதுமா?"

"நிச்சயமா சொல்வீங்களா சார்?"

"வாக்குக் கொடுத்துட்டேன், அப்புறம் என்ன?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "அந்தாளு உங்களுக்காகப் பேசப்போறாரா? உங்களுக்கு வாய் இல்லையா?" என்றாள். கட்டுரை வந்தது. தலைவர் பேர் முதலில், இவர் பேர் பின்னால். துறையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தலைவர் செவ்வாலைத் தானே வலை வீசிப் பிடித்தது போல ஒரு சின்னச் சொற்பொழிவும் ஆற்றினார்.

நேர்காணல் நாளில் இஸ்திரி போட்ட சட்டையோடு போய் உட்கார்ந்தார். நீள மேசைக்கு அந்தப் பக்கம் முதல்வர், தலைவர், வெளியிலிருந்து வந்த நிபுணர். நிபுணர் ஒல்லியான, வயதான அம்மாள். வாழ்நாள் முழுக்க நாக்குப்பேன்களோடு குடித்தனம் நடத்தியவர் என்று இவருக்குத் தெரியாது. இவர் கட்டுரையின் படத்தைப் பெரிதாக அச்சடித்து எடுத்து வந்திருந்தார் அந்த அம்மாள்.

"ரொம்ப அழகா எடுத்திருக்கீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்கணும்" என்றார். "பேன் தின்ன நாக்கு சூம்பிப்போய் ஒரு முளை மாதிரி நிக்கும். நான் ஆயிரம் பார்த்திருக்கேன். இதுல ஓரம் நேர்க்கோடா இருக்கு. உங்க ஊர்ப் பேனுக்கு ஸ்கேல் வச்சு நறுக்கற பழக்கம் உண்டா?"

முதல்வர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முதல்பதிவு தலைவரைப் பார்த்தார். காப்பாற்று என்று கண்ணாலேயே கும்பிட்டார்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். இது முழுக்க முழுக்க இவரோட வேலை. மீன் வாங்கினது, வெட்டினது, படம் எடுத்தது, எழுதினது எல்லாம் இவர்தான். மரியாதைக்காக என் பேரை மொதல்ல போட்டார். மத்தபடி இவரோட உழைப்புல எனக்குத் துளிக்கூடப் பங்கு கிடையாது."

சொன்ன சொல் தவறவில்லை. வார்த்தைக்கு வார்த்தை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார் தலைவர்.

தலைவரும் குப்பியைப் பார்த்தவர்தான் என்று முதல்பதிவு சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கவும் செய்தார். அதைச் சொன்னால் குப்பியில் என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டுமே! திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

"நீங்க போகலாம்" என்றார் நிபுணர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இடம் நத்தை மேடத்துக்குப் போனது. அடுத்த மாதம் முதல்பதிவு அவரிடம்தான் லீவு லெட்டரை நீட்டினார். அவர் எழுந்து நின்று, "நிக்க வேணாம் சார், மேசையில வச்சுட்டுப் போங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலாம் என்றிருந்தது இவருக்கு.

பிறகு ஒரு நாள் தபாலில், கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகை வந்தது. மனைவிதான் உறையைப் பிரித்தாள். கடைசிப் பக்கத்தில் கட்டமிட்ட ஓர் அறிவிப்பு. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர், பணியில் தமக்குப் பங்கில்லை என்று எழுதிக் கேட்டுக்கொண்டபடி, அவர் பேர் நீக்கப்படுகிறது. படத்தைப் பற்றிய விசாரணை நடந்துவருகிறது. இனி கட்டுரையின் முழுப் பொறுப்பும் கீழ்க்கண்டவருக்கு மட்டுமே. கீழே இவர் பேர்.

மனைவி பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"பாருங்க, ஒண்டியா நிக்குது உங்க பேரு. இதுதானே முதல் தடவை?"

"முதல் தடவைதான்" என்றார் முதல்பதிவு.