மூடிக்குள் எழுந்த மேடு

“மூச்சு விடாம எவ்வளவு நேரம் இருப்ப?”

என் அக்கா ஓல்ஃபா கேட்டாள். அதற்கப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். என் கண் பார்த்தது பொய்யில்லை.

ரமலான் மாதம். ஸ்ஃபாக்ஸ் நகரில் அக்கா ஆய்வு செய்த கூடத்தில், நோன்பு திறக்க எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். பள்ளியை விட்டு வீட்டில் கிடந்த என்னைத் துணைக்குக் கூட்டிப்போயிருந்தாள். அவளிடம் மணலைவிடப் பல மடங்கு நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இருந்தன. அகச்சிவப்பு ஒளி பட்டால் அவற்றின் அணுக்கள் அதிரும். கருவி அந்த அதிர்வைக் கோடாக வரையும். கோட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன முனை தெரிய வேண்டும். துகளின் மேற்பரப்பு எப்படி அமைந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. காலையில் அதைப் பேராசிரியரிடம் காட்டாவிட்டால் அக்காவை ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

எதிரி, மூச்சுதான். கருவியின் மூடியருகே யாராவது மூச்சு விட்டால் கோட்டின் நடுவே ஒரு மேடு எழும். மூச்சின் ஈரம் ரம்பப் பல்லாக வந்து அந்த முனையை விழுங்கிவிடும்.

துகளை உப்போடு அரைத்து அழுத்திய வில்லையைக் கருவிக்குள் வைத்து மூடினோம்.

திரையில் மேடு.

“நீதானே விட்ட?”

“இல்லக்கா.”

“பொய். உன் நோன்பு வாய் மூச்சுக்கு ஒட்டகமே சாயும். வெளிய வாடி.”

கருவிக்குள் இருந்த காற்றை மாற்றினாள். இருவரும் வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினோம். திரை அங்கிருந்தே தெரிந்தது.

6.41. நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கும் பீரங்கி வெடித்தது. பேரீச்சம்பழம் என் கையிலேயே இருந்தது.

மேடு எழுந்தது... அடங்கியது... மறுபடி எழுந்தது.

யாரோ மூடிமேல் குனிந்து மூச்சு விடுவது போல.

“கசிவுதான்,” என்றாள் அக்கா.

மேடு வேகம் பிடித்தது.

ஸ்ஸ்... ஸ்ஸ்... உள்ளே யாருக்கோ மூச்சு இழுத்தது.

அக்கா கண்ணாடியை அறைந்தாள். “யாரா இருந்தாலும் சரி... என் வாழ்க்கையே போகுது... மூச்சை நிறுத்து!”

ஸ்...

நின்றது.

மேடு இல்லை.

சுத்தமான கோடு. இடது ஓரத்தில் அந்த முனை.

காலையில், கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஹமாதியிடம் அக்கா அதை அச்செடுத்த தாளைக் காட்டினாள். அதிலிருந்த நேரத்தைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

“நோன்பு திறக்கிற நேரத்துலயா எடுத்தீங்க? போன ரமலான்ல நைரூஸ்னு ஒரு பொண்ணும் அப்படித்தான் எடுத்தாம்மா. ஆஸ்துமாக்காரி. கோடு சுத்தமா வரணும்னு மூச்சை அடக்கிக்கிட்டே உக்காந்திருக்கா. நாங்க வந்து பாக்குறப்போ மூச்சு நின்னு, தலை மூடிமேல சாஞ்சு கிடந்துச்சு. கருவி மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு.”

பேராசிரியர் கதவைத் திறந்தார். “ஓல்ஃபா, கோடு கிடைச்சுதா?”

அக்கா தாளை நீட்டவில்லை. நாலாக மடித்துக் கருவியின் மூடிமேல் வைத்தாள். படியிறங்கிப் போனாள்.